உள்நாட்டு இறைவரித் திணைக்களம்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பாவனையாளர் மதிப்பீடு

யாழ்ப்பாண நகரில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடை, ஸ்ரான்லி வீதியில் ஒரு இரும்புக்கடை, திருநெல்வேலியில் ஒரு பேக்கரி. இவற்றோடு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இரண்டொரு தாதியர், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்யும் இளம் பிள்ளைகள். இத்தனை பேருக்கும் பொதுவாக ஒரு அரச சேவை உண்டென்றால் அது வரி சேர்க்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களம்தான். சாப்பாட்டுக் கடைக்கும் கைபேசிக்கும் பக்கம் பக்கமாக மதிப்பீடு எழுதுகிறார்கள். இந்தத் திணைக்களத்தைப் பற்றி மட்டும் பயமும் வதந்தியும்தான் ஊரில் உலாவுகின்றன. வரி மதிப்பாண்டு 2024/2025க்கான படிவங்கள் இப்போது என் மேசையில் குவிந்து கிடக்கின்றன. 2026க்கான வரவு செலவுத் திட்டமும் 2025 நவம்பர் 7ஆம் திகதி வாசித்து முடிந்துவிட்டது. எழுதுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். ஏன் என்று விளங்க வேண்டுமானால் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். படிவம் போடப் போகும் உங்களுக்கும் எனக்கும் அது எப்படி என்பது ஒன்று. திறைசேரிக்கு அது எப்படி என்பது மற்றது. ஊரில் எல்லோரும் முதலாவதைத்தான் பேசுகிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிது. ஆனாலும் முதலாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வாசிக்கிறவர்களுக்கு உடனே தேவைப்படுவது அதுதான்.

முதலில் ரின் இலக்கம், அதாவது வரி செலுத்துநர் அடையாள இலக்கம். 2023 மே மாதக் கடைசியில் வந்த வர்த்தமானி வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காளர் போன்றவர்களை முதலில் பதியச் சொன்னது. 2024 ஜனவரி 1இலிருந்து 18 வயது கடந்த எல்லோரும் பதிய வேண்டும் என்றது. அந்த ஜனவரியில் என் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேரின் முகத்தில் வெளிறிய பயம். "பிள்ளை, ரின் எடுத்தால் கனடாவில இருந்து மகன் அனுப்புற காசுக்கும் வரி பிடிப்பாங்களோ?" என்று பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் கேட்டார். பிள்ளைகள் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் காசு வருமானம் ஆகாது, அதற்கு வரி இல்லை. ரின் இலக்கம் எடுப்பது வேறு, வரி கட்ட வேண்டியவராக இருப்பது வேறு. இந்த ஒன்றை மட்டும் அந்த மாதம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அறிவித்தலோடு சேர்த்தே, கோயில் வாசலிலும் பிரதேச செயலகத்திலும் கிராம சேவகர் அலுவலகத்திலும் ஒட்டும்படியாக, இரண்டு வரித் தமிழில் யாராவது எழுதி வைத்திருந்தால் அவ்வளவு பேர் கலங்கியிருக்க மாட்டார்கள்.

பதிவு என்னவோ சுலபம். இணையத்தில் தேசிய அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து ஏற்றி, விபரங்களை நிரப்பினால் ஒன்பது இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. சான்றிதழ் மின்னஞ்சலுக்கு வருகிறது. ஆனால் இதற்கே ஆள் பார்த்துக் காசு வாங்கும் தரகர்கள் ஊரில் முளைத்தார்கள். காசு கொடுத்தவர்கள் சிலர் தங்கள் கணக்குக்குத் தரகரின் மின்னஞ்சலையே கொடுத்துவிட்டு வந்து நின்றார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த மின்னஞ்சல்தான் உங்கள் வரிக் கோப்பின் சாவி. மின்னஞ்சல் இல்லாவிட்டால் மகள், மருமகன், பேரப்பிள்ளை யாருடையதையாவது கொடுங்கள். வெளியாரிடம் விடாதீர்கள்.

அப்புறம் வருடாந்தப் படிவம். ஏப்ரல் 1 தொடங்கி மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கு, அடுத்து வரும் நவம்பர் 30க்குள் போட வேண்டும். இணையவழிப் படிவத்தின் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. சம்பளம், வியாபாரம், வட்டி வாடகை போன்ற முதலீட்டு வருமானம் என்று பிரித்துப் பிரித்துக் கேட்கிறது. பிறகு விடுகைகள், அதாவது வரி இல்லாமல் விடப்படும் தொகைகள், பிறகு ஏற்கனவே பிடிக்கப்பட்ட வரி, கடைசியில் சொத்தும் கடனும். வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு வாடகையில் நூற்றுக்கு 25 கழிவு உண்டு. கூரையில் சூரிய மின்கலம் பூட்டியவர்களுக்கும் தனி விடுகை உண்டு. இந்த இரண்டையும் தெரியாமல் விட்டவர்கள் நிறைய.

இந்த வருடம் படிவம் நிரப்புகிறவர்கள் எல்லோரும் ஒரு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் விடுகை வருடத்துக்கு 18 இலட்சமாக உயர்ந்தது. ஆனால் இந்த நவம்பரில் போடுவது அதற்கு முந்திய வருடத்துக்கான படிவம். அதில் விடுகை 12 இலட்சம்தான், வீதங்களும் பழையவைதான். மாதம் 200,000 ரூபாய் சம்பளம் எடுக்கும் ஒருவருக்குப் பழைய கணக்கில் மாதம் 10,500 ரூபாய் வரி. முதல் 41,667 ரூபாய்க்கு 6 வீதம், அடுத்த 41,667க்கு 12 வீதம், மிச்சம் 16,667க்கு 18 வீதம் என்று படிப்படியாக ஏறி அந்தத் தொகை வரும். புதிய கணக்கில் அதே சம்பளத்துக்கு 3,000 ரூபாய் மட்டும். 150,000க்கு மேல் உள்ள 50,000க்கு 6 வீதம், அவ்வளவுதான். இரண்டையும் குழப்பிப் புதிய விடுகையைப் பழைய வருடத்தில் போட்டால் பிறகு திருத்தப் படிவம், கடிதம், அலைச்சல்.

என் பெரியப்பாவின் கதையைச் சொன்னால் இன்னொன்றும் விளங்கும். அவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அரசாங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி இல்லை. ஓய்வு பெறும்போது கிடைத்த பணத்தையும் காணி விற்ற காசையும் சேர்த்து 50 இலட்சம் நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். 8 வீத வட்டி என்று வைத்தால் வருடத்துக்கு 4 இலட்சம். விடுகை எல்லைக்குக் கிட்டவும் இல்லை, ஆகவே அவர் கட்ட வேண்டிய வரி பூச்சியம். ஆனால் 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் வங்கி பிடிக்கும் வரி 5 வீதத்திலிருந்து 10 வீதமாகிவிட்டது. சும்மா இருந்தால் 40,000 ரூபாய் போய்விடும். இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்குள்தான் என்று ரின் இலக்கத்தோடு ஒரு சுய பிரகடனப் பத்திரத்தை வங்கியில் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பெரியப்பா போன வங்கிக் கிளையில் இருந்த பிள்ளை, அப்படி ஒரு பத்திரமே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டாள். திணைக்களத்தின் இணையத்தளத்தில் இருந்த படிவத்தை அச்செடுத்துக் கொடுத்து, நானும் கூடப் போன பிறகுதான் ஏற்றார்கள். ஏற்கனவே பிடித்துவிட்டிருந்தால் படிவம் போட்டு மீளக் கேட்கலாம். பெரியப்பா அதை எல்லாம் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். இப்போது அவரோடு படிப்பித்த மற்ற ஆசிரியர்களுக்கும் அவரே சொல்லிக் கொடுக்கிறார்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இங்கிருந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். முந்தி அந்த வருமானம் வங்கி மூலம் நாட்டுக்குள் வந்தால் வரி இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து வரி உண்டு, ஆனால் உச்ச வீதம் 15தான். சம்பளக்காரர் 36 வீதம் வரை ஏறும்போது இது சலுகைதான். கோப்பு திறந்து ஒழுங்காகக் காட்டுங்கள். நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ விசாவுக்கோ வருமானச் சான்று கேட்கும்போது இந்தக் கோப்புத்தான் கைகொடுக்கும்.

கடைக்காரர்களின் பக்கம் வந்தால் பேச்சு முழுக்க வற் வரிதான், அதாவது பெறுமதி சேர் வரி. 18 வீதம். 1,180 ரூபாய் பில்லில் 180 ரூபாய் கடைக்காரருடையது இல்லை, அவர் கையில் கொஞ்ச நாள் தங்கும் அரசாங்கக் காசு. வருடப் புரள்வு, அதாவது மொத்த விற்பனை, 60 மில்லியனைத் தாண்டினால் பதிய வேண்டும் என்பது 2024 ஜனவரியில் வந்த எல்லை. அதை 2026 ஏப்ரலில் இருந்து 36 மில்லியனாக இறக்க இந்த வரவு செலவுத் திட்டம் முன்மொழிந்திருக்கிறது. மாதக் கணக்கில் சொன்னால் 50 இலட்சத்திலிருந்து 30 இலட்சத்துக்கு. சீமெந்தும் கம்பியும் விற்கும் இரும்புக்கடைக்கு 30 இலட்சம் பெரிய தொகை இல்லை. ஸ்ரான்லி வீதி முதலாளி அன்றிரவே எனக்கு அழைப்பு எடுத்தார். "தங்கச்சி, இனி நானும் மாசா மாசம் 20ஆம் திகதிக்குக் காவல் இருக்க வேணுமோ?" வேண்டும். கொள்வனவுப் பில்களை ஒழுங்காக வைத்திருந்தால் கட்டிய வற் வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவருடைய பில்கள் இவ்வளவு நாளும் ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் கிடந்தன. இந்த மாதம் கோப்பு வாங்கியிருக்கிறார்.

வாங்குகிறவர்களும் ஒன்றைப் பார்க்கப் பழக வேண்டும். வற் பதிந்த கடையின் பில்லில் வற் இலக்கம் இருக்கும். ரின் இலக்கத்துக்குப் பின்னால் 7000 என்று முடியும். அந்த இலக்கம் இல்லாமல் பில்லில் தனியாக வற் என்று ஒரு தொகையை எழுதி வாங்கினால் அந்தக் காசு திறைசேரிக்குப் போகுமா என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேளுங்கள்.

சரி, இனி இரண்டாவது பார்வை.

இந்தத் திணைக்களம் 1932இல், இலங்கையில் வருமான வரி வந்தபோது தொடங்கியது. வீதங்களை அது தீர்மானிப்பதில்லை. பாராளுமன்றம் சட்டமாக்கினால் ஒழிய எந்த வரியையும் விதிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை சொல்கிறது. சேரும் காசையும் அது வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் அரசாங்கத்தின் பொதுக் கணக்கான திரட்டு நிதியத்துக்குப் போகிறது. சுங்கத் திணைக்களமும் மதுவரித் திணைக்களமும் கூடவே சேர்க்கின்றன. ஆகவே வரி வீதம் கூடிவிட்டது என்று கொழும்பு கொம்பனித்தெருவில் உள்ள தலைமை அலுவலகத்தையோ இங்குள்ள பிராந்திய அலுவலகத்தையோ திட்டுவதில் நியாயம் இல்லை. அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி, சட்டம் சொன்னதை, சொன்ன ஆட்களிடம், சொன்ன நேரத்தில் சேர்த்தீர்களா என்பதுதான். ஒவ்வொரு வருடமும் நிதியமைச்சர் வாசிக்கும் வரவு செலவுத் திட்டத்தில் செலவுப் பக்கம் முழுக்க வாக்குறுதி. வருமானப் பக்கம் இவர்கள் சேர்த்துத் தர வேண்டிய காசு. அது வராவிட்டால் செலவுப் பக்கத்தில் எழுதிய எல்லாமே கடன்.

அது எப்படி இருக்கும் என்பதை நாங்கள் கண்ணால் கண்டுவிட்டோம். 2019 டிசம்பர் 1ஆம் திகதி வற் வரி 15இலிருந்து 8 வீதமாக இறக்கப்பட்டது. பதிவு எல்லை வருடத்துக்கு 12 மில்லியனிலிருந்து 300 மில்லியனுக்குத் தூக்கப்பட்டது. தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி நீக்கப்பட்டது. 2020 ஜனவரியில் உழைக்கும்போதே செலுத்தும் வரி போய், மாதம் 250,000 வரை சம்பளம் எடுப்பவருக்கு வரியே இல்லை என்றானது. அந்த நாட்களில் என்னிடம் கணக்கு எழுதிய கடைகள் ஒவ்வொன்றாக வற் பதிவை இரத்துச் செய்தன. எனக்கு அறிவித்தல் எழுதும் வேலை மட்டும் கூடியது. நாடு முழுக்க இலட்சக்கணக்கானோர் வரிக் கோப்பிலிருந்து வெளியே போனார்கள். ஒரு திணைக்களம் எத்தனையோ வருடமாகச் சேர்த்த பட்டியல் சில மாதங்களில் கலைந்தது. வீதத்தை ஒரு வர்த்தமானியில் திருப்பி ஏற்றலாம், கலைந்த பட்டியலை அப்படித் திருப்பி எடுக்க முடியாது. இதை அந்த முடிவை எடுத்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

2019இல் ஏறக்குறைய 1,735 பில்லியன் ரூபாயாக இருந்த வரி வருமானம் 2020இல் 1,217 பில்லியனுக்கு விழுந்தது. அந்த வருடம் கொரோனாவும் சேர்ந்தது உண்மை. ஆனால் கொரோனா உலகம் முழுக்கத்தான் வந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டால் 2022இல் அரசாங்க வருமானம் 8 வீதத்தை ஒட்டி நின்றது, உலகிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று. இடைவெளியை மத்திய வங்கி காசு அச்சிட்டு அடைத்தது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவர்களின் வள்ளங்கள் கரையில் கிடந்ததும், 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததும், கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை பின்போனதும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். டொலர் இல்லாமல் போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ரூபாயில் சேர்த்திருக்க வேண்டிய வரியைச் சேர்க்காமல் விட்டதும் அதற்கு ஒரு பெரிய காரணம் என்பதை என் தொழிலில் இருப்பவர்களாவது உரத்துச் சொல்ல வேண்டும்.

வரி குறைந்தால் சனங்களுக்கு நன்மைதானே என்று கேட்பவர்களுக்குச் சீனியின் கதையைச் சொல்வேன். 2020 ஒக்ரோபரில் இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாயாக இருந்த விசேட பண்ட அறவீடு 25 சதமாக்கப்பட்டது. அரசாங்கத்துக்கு 15 பில்லியன் ரூபாய்க்கு மேல் இழப்பு என்று பிறகு பாராளுமன்றக் குழுவிலேயே பேசப்பட்டது. கடையில் நாங்கள் வாங்கிய சீனியின் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. திருநெல்வேலி பேக்கரியின் அந்தக் காலத்துக் கொள்வனவுக் கணக்கு என் கையால் எழுதியது, அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

பிறகு திரும்பி ஏறினோம். வற் 2022 ஜூனில் 12, செப்ரெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி 2.5 வீதம் புதிதாக வந்தது. 2023 ஜனவரியில் சம்பள வரி 36 வீதம் வரை போனது. வைத்தியர்களும் விரிவுரையாளர்களும் வீதியில் இறங்கினார்கள். அவர்களின் கோபம் எனக்கு விளங்கியது. மூன்று வருடம் பெரும்பாலான சம்பளக்காரருக்கு வரி இல்லை என்றுவிட்டு, ஒரே இரவில் சம்பளத் துண்டில் கைவைத்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? 2024இல் வரி வருமானம் 3,700 பில்லியன் ரூபாய் அளவை எட்டியது. இடையில் பொருள்களின் விலை இரட்டித்ததையும் கணக்கில் எடுத்துத்தான் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தாலும் அரசாங்கத்தின் மொத்த வருமானம் உற்பத்தியின் 13 வீதத்தைத் தாண்டியது உண்மையான மீட்சி. விழுந்த இடத்திலிருந்து அந்தத் திணைக்கள ஊழியர்கள் இவ்வளவு தூரம் இழுத்து வந்ததற்குத்தான் என் மூன்றரையில் பெரும்பங்கு.

2025ஆம் வருடத் திட்டம் ஏறக்குறைய 4,990 பில்லியன் வருமானமும் 7,190 பில்லியன் செலவும். இதில் வட்டிக்கு மட்டும் 2,950 பில்லியன் அளவு. வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் 59 ரூபாய் பழைய கடனின் வட்டிக்கே போய்விடுகிறது. 2022இல் இது 79 ரூபாயாக இருந்தது, அதோடு பார்த்தால் மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது. மிச்சத்தில்தான் ஆஸ்பத்திரி, பாடசாலை, சம்பளம், பாதுகாப்பு, அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு எல்லாம். மத்திய வங்கி இனி அச்சிட்டுக் கொடுக்கக் கூடாது என்று 2023இன் சட்டம் தடுக்கிறது. வட்டி தவிர்ந்த செலவு உற்பத்தியின் 13 வீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2024இன் அரச நிதி முகாமைத்துவச் சட்டம் கட்டிப்போடுகிறது. ஆகவே புதிதாக ஒரு நல்ல காரியம் செய்வதென்றால் காசு வர இருக்கும் பிரதான வாசல் வரிதான்.

எங்கள் பக்கத்து உதாரணமே போதும். அந்த 2025 திட்டத்தில் யாழ்ப்பாண நூலகத்துக்கு 100 மில்லியன், வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன், வடக்கின் கிராமிய வீதிகளுக்கு 5,000 மில்லியன் என்று ஒதுக்கினார்கள். அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250இலிருந்து 40,000 ஆனது. முல்லைத்தீவுக்குப் போனவர்களுக்கு அந்த ஒடுங்கிய வட்டுவாகல் பாலத்தில் எதிரே பேருந்து வந்தால் என்ன பாடு என்று தெரியும். ஒதுக்கீடு என்பது பாராளுமன்றத்தின் அனுமதி மட்டும்தான். வருமானம் குறைந்த வருடங்களில் முதலில் வெட்டு விழுவது இப்படியான கட்டுமான வேலைகளுக்குத்தான், ஏனென்றால் சம்பளத்தையும் வட்டியையும் நிறுத்த முடியாது. வடமாகாண சபையின் செலவிலும் பெரும்பகுதி மத்தியிலிருந்து வரும் மானியம். நாங்கள் வரி கட்டாமல் தப்பினால் நட்டம் கொழும்புக்கு என்று ஊரில் சிலர் நினைக்கிறார்கள். காசு இல்லாத வருடத்தில் பாலமும் வீதியும் நின்றுபோவது எங்கள் பக்கத்தில்தான்.

குறைத்த ஒன்றரை எதற்கு? பெரும்பகுதி ஒரே காரணத்துக்கு. சம்பளக்காரரிடம் பிடிப்பது சுலபம், வேலை கொடுப்பவரே பிடித்துக் கட்டிவிடுகிறார். வைப்பாளரிடம் பிடிப்பதும் சுலபம், வங்கியே பிடித்துவிடுகிறது. வற் வரியை ஏழையும் பணக்காரரும் ஒரே வீதத்தில் கட்டுகிறார்கள். நாட்டின் வரியில் பெரும்பங்கு இப்படியான மறைமுக வரியாகவே இருக்கிறது. ரொக்கமாகவே பெரும் புரள்வு நடத்துகிறவர்கள், நில வியாபாரம் செய்கிறவர்கள், பெரிய கட்டணம் வாங்கும் தனியார் தொழில்காரர்கள் ஆகியோரிடம் போவதுதான் ஒரு வரித் திணைக்களத்தின் உண்மையான திறமை. வாகனப் பதிவு, காணிப் பதிவு, மின்சாரப் பட்டியல், வங்கி வட்டி எல்லாம் ஒரே ரின் இலக்கத்தின் கீழ் வந்து நின்றால் யார் எவ்வளவு மறைக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். எல்லோருக்கும் அந்த இலக்கம் கொடுத்ததே அதற்காகத்தான். இரும்புக்கடை முதலாளியை வற் வரிக்குள் கொண்டுவரும் அதே வேகம் அவர்களிடமும் காட்டப்பட வேண்டும். 2023 செப்ரெம்பரில் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஆளுகை பற்றிய அறிக்கை வரி நிர்வாகத்தில் ஊழலுக்கு இடம் இருப்பதையும் எழுதியிருந்தது. அதற்கு என்ன செய்தோம் என்று வருடா வருடம் சனங்களுக்குச் சொல்ல வேண்டியது கடமை.

மற்றது, வங்கி பிடித்த வரியும் சம்பளத்தில் பிடித்த வரியும் ரின் இலக்கத்தை அடித்தவுடன் படிவத்தில் தானாக வந்து நிற்க வேண்டும். சரியா பிழையா என்று பார்த்து ஒப்பமிடுவது மட்டும் எங்கள் வேலையாக இருக்க வேண்டும். பெரியப்பா மாதிரி 75 வயதைத் தாண்டியவர்கள் துணைக்கு ஆள் தேடாமல் தாங்களே போடக்கூடிய ஒரு பக்கத் தமிழ்ப் படிவமும் வேண்டும். இந்த இரண்டும் வந்தால் நான் நான்கரை கொடுப்பேன், எனக்கு வேலை குறைந்தாலும் பரவாயில்லை.

படிவம் போட இருப்பவர்களுக்கு: கடைசி நாள் நவம்பர் 30. வேலை கொடுப்பவரிடமிருந்து சம்பள வரிச் சான்றிதழையும் ஒவ்வொரு வங்கியிடமிருந்தும் வட்டி வரிச் சான்றிதழையும் இந்தக் கிழமையே எடுத்து வையுங்கள், கடைசி நாட்களில் வங்கிகளில் கூட்டம். கடவுச்சொல் மறந்தவர்கள் இன்றைக்கே மாற்றிக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் 1944க்கு அழைத்து, தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். படிவம் போட்டு முடிந்ததும் வரும் ஒப்புகையை அச்செடுத்து, சொத்து விபரத்தின் பிரதியோடு சேர்த்து ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்த வருடம் நிரப்பும்போது இந்த வருடத்து எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.